மார்பில் குத்திய வரலாறு: கைசர் கால ஜெர்மன் பதக்கப் பட்டைகளை வாசிப்பது எப்படி?

முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் பதக்கம் ஒன்று கையில் கிடைத்தால், முதலில் அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பெரும்பாலும் அங்கே பொறித்திருக்கும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த நம்மூர் சிப்பாய்க்குக் கொடுத்த பதக்கமும் அப்படித்தான்.

அதே போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜெர்மன் வீரரின் இரும்புச் சிலுவையை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ஒரு கிரீடம், கைசர் வில்ஹெல்மைக் குறிக்கும் 'டபிள்யூ' எழுத்து, 1914 என்ற ஆண்டு. பின்பக்கம் ஓக் இலைகள், 1813 என்ற ஆண்டு. அவ்வளவுதான். யாருக்குக் கொடுத்தார்கள், எதுக்குக் கொடுத்தார்கள், ஒரு தகவலும் கிடையாது. இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை மட்டும் அந்தப் போரில் சுமார் 50 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. 50 லட்சத்தில் ஒன்று, பெயரில்லாமல், உங்கள் உள்ளங்கையில் கிடக்கிறது. அதனிடம் என்ன கேட்க முடியும்?

தனிப் பதக்கம் ஊமை. ஆனால் ஒரே ஆளுடைய நாலைந்து பதக்கங்கள் ஒரே சட்டத்தில், அவர் குத்திய அதே வரிசையில் கிடைத்தால் கதை மாறிவிடும். அந்தச் சட்டத்தைத்தான் பதக்கப் பட்டை என்கிறோம். ஜெர்மானியர்கள் 'ஓர்டென்ஸ்ஷ்னாலெ' என்பார்கள். சில வருடங்களாக நான் இவற்றைப் படித்துக்கொண்டும், கட்டுப்படியாகிற ஒன்றிரண்டை வாங்கிக்கொண்டும் இருக்கிறேன். "இந்தத் தகரத்துல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதை எல்லாம் இந்தப் பதிவில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பட்டையின் அமைப்பு

பட்டை என்பது ஒரு மெல்லிய உலோகத் தகடு. பின்னால் ஊசியும் கொக்கியும் இருக்கும், கோட்டில் குத்திக்கொள்ள. தகட்டின்மேல் ஒவ்வொரு பதக்கத்தின் ரிப்பனையும் மடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்திருப்பார்கள். பதக்கம் கீழே தொங்கும். பின்பக்கத்தை ஃபெல்ட் மாதிரி ஒரு துணியால் மூடுவார்கள். சில பட்டைகளில் அந்தத் துணிமேல் தைத்துக் கொடுத்த கடையின் சின்னத் துணிச்சீட்டு இருக்கும்.

இதை அரசாங்கம் செய்து தரவில்லை என்பது முக்கியம். அரசாங்கம் பதக்கத்தை ஒரு டப்பாவில் போட்டோ, காகிதத்தில் சுற்றியோ கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு ஊரில் இருக்கும் பதக்கக் கடைக்கோ, ராணுவச் சாமான் கடைக்கோ, தையல்காரரிடமோ போய் "இதைப் பழசோட சேர்த்துக் கட்டிக் கொடுங்க" என்று சொல்வது வீரரின் வேலை. அதனால் மடிப்பு முறை ஊருக்கு ஊர் மாறும். பெர்லினில் கட்டியதையும் ம்யூனிக்கில் கட்டியதையும் பழகிய கண் பார்த்தவுடனே பிரித்துவிடும். ஒவ்வொரு பட்டையும் ஒரே ஒரு ஆளுக்காகக் கையால் செய்த பொருள்.

வரிசைக்கும் விதி உண்டு. அணிந்தவரின் வலது பக்கம், அதாவது பார்க்கிற நமக்கு இடது பக்கம், மூத்த பதக்கம். பொதுவாகச் சொந்த ராஜ்யத்துப் பதக்கங்கள் முன்னால், அடுத்து மற்ற ஜெர்மன் ராஜ்யங்களுடையவை, கடைசியில் வெளிநாட்டுப் பதக்கங்கள். உலகப்போர் இரும்புச் சிலுவை கிடைத்தவர்களின் பட்டையில் பெரும்பாலும் அதுவே முதல் இடத்தில் நிற்கும்.

ரிப்பனும் பேசும். கறுப்பு ரிப்பனில் வெள்ளை ஓரம் இருந்தால் போர்முனையில் நின்றவர். அதையே திருப்பி வெள்ளை ரிப்பனில் கறுப்பு ஓரம் வைத்தால், பின்னால் இருந்து பணியாற்றியவர். நிறம் இடம் மாறினால் போதும், ஆளின் போர் அனுபவமே வேறு.

ஏன் இத்தனை வகை?

இந்த விஷயத்துக்குள் நுழையும் எல்லோருக்கும் வரும் முதல் குழப்பம் இது. ஒரு தேசம், ஒரு கைசர். அப்புறம் எதுக்கு நூற்றுக்கணக்கான பதக்க வகைகள்?

விடை, 1871இல் உருவான ஜெர்மன் பேரரசு ஒரே ராஜ்யம் அல்ல என்பதுதான். அது 25 உறுப்பு நாடுகளின் கூட்டு: 4 முடியரசுகள், 6 பெருங்கோமகன் நாடுகள், 5 கோமகன் நாடுகள், 7 சிற்றரசுகள், 3 சுதந்திர நகரங்கள். பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க் ஆகிய நான்கு முடியரசுகளுக்கும் தனித்தனிப் போர் அமைச்சகமே இருந்தது. பதக்கம் கொடுப்பது அரசனின் உரிமை. அதை யாரும் கைசருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மிகச் சிறிய லிப்பே, ஷாம்பர்க்-லிப்பே சிற்றரசுகள்கூட உலகப்போரில் சொந்தப் பதக்கம் வெளியிட்டன.

அதனால், பிரஷ்யாவின் இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பதக்கம்தான் பல நேரம் ஆளின் ஊரைச் சொல்லும். ஹாம்பர்க், பிரெமென், லூபெக் என்ற மூன்று சுதந்திர நகரங்கள் 1915இல் 'ஹன்சா சிலுவை' என்று ஒன்றை உருவாக்கின. மூன்றுமே சிவப்பு எனாமல் பூசிய சிலுவைகள். நடுவில் இருக்கும் நகரச் சின்னம்தான் வித்தியாசம். ஹாம்பர்க்குக்குக் கோட்டை, பிரெமெனுக்குச் சாவி, லூபெக்குக்கு இருதலைக் கழுகு. இரும்புச் சிலுவையோடு சாவிச் சின்னம் இருந்தால், அந்த ஆள் பிரெமென்காரராகவோ, பிரெமெனின் பெயர் தாங்கிய 75ஆம் காலாட்படை ரெஜிமெண்டில் இருந்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். 50 லட்சத்தில் ஒருவராக இருந்தவர் இப்போது ஒரு நகரத்துக்குள் வந்துவிட்டார். மூன்றாவது பதக்கம் வட்டத்தை இன்னும் சுருக்கும். தனிப் பதக்கம் ஒரு சொல் என்றால், பட்டை ஒரு முழு வாக்கியம்.

ஒரு வாக்கியத்தை வாசிப்போம்

என்னிடம் இருக்கும் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து பதக்கங்கள். வரிசையை விட்டுவிட்டு, காலப்படி வாசிக்கிறேன்.

ஒன்று: தென்மேற்கு ஆப்பிரிக்க நினைவுப் பதக்கம். இன்றைய நமீபியாவில் நடந்த காலனிப் போருக்காக 1907இல் நிறுவப்பட்டது. வெண்கலம். வெண்கலம் என்றால் சண்டையில் இருந்தவர். நேரடியாகச் சண்டையில் இல்லாமல் அந்தப் படையெடுப்புக்கு உழைத்தவர்களுக்கு இதையே எஃகில் கொடுத்தார்கள். ரிப்பன்மேல் 'கிளாஸ்ப்' எனப்படும் சின்ன உலோகப் பட்டி ஒன்று. அதில் 'வாட்டர்பெர்க்' என்று எழுதியிருக்கிறது. இதைப் பிறகு பேச வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டு: பிரஷ்யாவின் இரண்டாம் வகுப்பு ராணுவ மரியாதைச் சின்னம். வெள்ளிப் பதக்கம். இது அதிகாரிகளுக்குரியது அல்ல, அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு. ஆக, நம்ம ஆள் லெஃப்டினன்ட் அல்ல, சிப்பாய் அல்லது சார்ஜென்ட் ரகம். உலகப்போருக்கு முன்பு காலனிப் போர்களில் இருந்தவர்களுக்கு இது நிறையக் கிடைத்தது. மேலே சொன்ன பதக்கத்தோடு பொருந்துகிறது.

மூன்று: 12 ஆண்டு நீண்டகாலப் பணிப் பதக்கம், நீல ரிப்பனில். இந்த வடிவம் 1913இல்தான் வந்தது. அதற்கு முன்பு சிப்பாய்களின் நீண்டகாலப் பணிக்குப் பதக்கமே கிடையாது. செவ்வகமான ஒரு பக்கிள் கொடுப்பார்கள். 1913இல் அதை மாற்றி 9 ஆண்டுக்கும் 12 ஆண்டுக்கும் பதக்கம், 15 ஆண்டுக்குச் சிலுவை என்று ஆக்கினார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. போரில் கழித்த வருடங்களை இரட்டிப்பாக எண்ணுவார்கள். ஆப்பிரிக்காவில் இரண்டு மூன்று வருடம் இருந்தவருக்கு, 12 ஆண்டு என்பது உண்மையில் ஒன்பது பத்து வருடம்தான். 1913ஐ ஒட்டி இது கிடைத்தது என்றால், 1900களின் தொடக்கத்தில், இருபது வயதில் படையில் சேர்ந்திருப்பார்.

நான்கு: 1914 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு, கறுப்பில் வெள்ளை ஓரம். முப்பது வயதைத் தாண்டியவர், அனுபவசாலி, மறுபடி போர்முனையில்.

ஐந்து: வாள்களோடு கூடிய உலகப்போர் மரியாதைச் சிலுவை. 'ஹிண்டன்பர்க் சிலுவை' என்றால் எல்லோருக்கும் தெரியும். 1934 ஜூலையில் நிறுவப்பட்டது. வாள் இருந்தால் முன்னணிப் போர்வீரர். வாள் இல்லாதது மற்றவர்களுக்கு. போரில் இறந்தவர்களின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கறுப்பு நிறத்தில் ஒன்று. இது தானாக வீட்டுக்கு வரவில்லை, மனுப் போட்டு வாங்க வேண்டும். அப்படியானால் 1934க்குப் பிறகு, ஐம்பது வயதை ஒட்டிய ஒரு மனிதர் உயிரோடு இருந்து, விண்ணப்பம் எழுதி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பழைய நான்கோடு சேர்த்து மறுபடி கட்டச் சொல்லியிருக்கிறார்.

ஐந்து உலோகத் துண்டுகள். முப்பது வருட வாழ்க்கை. பெயர் மட்டும் இல்லை.

கடைசிப் பதக்கம் சொல்லும் தேதி

ஒரு பட்டையைக் கட்டிய காலத்தை அதில் இருக்கும் கடைசிப் பதக்கத்தை வைத்துக் கணிக்கலாம். இதற்குச் சில மைல்கற்கள் தெரிந்தால் போதும்.

1897இல் முதலாம் வில்ஹெல்மின் நூற்றாண்டுப் பதக்கம். அப்போது பணியில் இருந்த படையினர் எல்லோருக்கும் கொடுத்தது, கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கிச் செய்தது. 1901இல் சீனப் பதக்கம். பாக்சர் கிளர்ச்சியை அடக்கப் போன படைக்கு உரியது. அதில் ஒரு கழுகு டிராகனைக் காலில் பிடித்திருக்கும். என்ன சொல்ல வருகிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 1907இல் தென்மேற்கு ஆப்பிரிக்கா. 1912இல் மற்ற காலனிப் போர்களுக்கான பொதுப் பதக்கம். 1914இல் இரும்புச் சிலுவை மறுபடி.

1919இல் எல்லாம் நிற்கிறது. முடியாட்சி போய்க் குடியரசு வந்தபோது, வைமார் அரசியல் சட்டத்தின் 109ஆம் பிரிவு அரசாங்கம் இனிப் பதக்கமோ விருதோ கொடுக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் ஆசையைச் சட்டம் போட்டு நிறுத்த முடியுமா? பழைய படைவீரர் சங்கங்கள் தாங்களே நினைவுப் பதக்கம் அடித்து உறுப்பினர்களுக்கு விற்றன. அவையும் பட்டைகளில் ஏறின. 1920களில் கட்டிய பட்டைக்கு அது ஒரு நல்ல அடையாளம். பிறகு 1934இல் ஹிண்டன்பர்க் சிலுவை. 1936இல் புதிய ராணுவத்தின் நீண்டகாலப் பணிப் பதக்கம், அதில் கழுகும் ஸ்வஸ்திகாவும்.

ஹிண்டன்பர்க் சிலுவையில் ஒரு கசப்பான உண்மை உண்டு. முதல் உலகப்போரில் ஜெர்மன் படையில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் உயிர்விட்டார்கள். உயிரோடு இருந்தவர்களில் பலர் 1934–35இல் இந்தச் சிலுவைக்கு விண்ணப்பித்தார்கள். கிடைக்கவும் செய்தது. ஹிண்டன்பர்க் 1934 ஆகஸ்டில் இறந்த பிறகு வந்த சான்றிதழ்களில் "தலைவரும் பேரரசின் சான்சலருமானவரின் பெயரால்" என்று அச்சடித்திருக்கும். அந்தத் தலைவர் ஹிட்லர். 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் வந்து, அதே மனிதர்களின் குடியுரிமையைப் பறித்தன. மார்பில் குத்திய பட்டை தன்னைக் காப்பாற்றும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அது காப்பாற்றவில்லை.

போட்ஸ்டாமில் எரிந்தது

"இவ்வளவு துப்பறிவதற்குப் பதிலா, ராணுவ ஆவணக் காப்பகத்துல போய்க் கேக்கலாமே?" நியாயமான கேள்வி.

பவேரியப் படைவீரர் என்றால் கேட்கலாம். பவேரியாவின் போர் ஆவணங்கள் ம்யூனிக்கில் தனியாக இருந்தன, பெருமளவு தப்பின. அந்தப் பெயர்ப் பதிவேடுகளை இன்று இணையத்திலேயே தேடலாம். வூர்ட்டெம்பெர்க் ஆவணங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கின்றன.

பிரஷ்யா வேறு. பேரரசின் படையில் மிகப் பெரிய பகுதி பிரஷ்யப் படை. அதன் ஆவணங்கள் பெர்லினுக்குப் பக்கத்தில் போட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு, போர் முடிய மூன்றே வாரம் இருக்கும்போது, பிரிட்டிஷ் விமானங்கள் போட்ஸ்டாம்மீது குண்டு போட்டன. காப்பகம் எரிந்தது. பிரஷ்ய வீரர்களின் பணிப் பதிவேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின.

அதிகாரிகளுக்கு ஓரளவு தப்பும் வழி உண்டு. பிரஷ்ய ராணுவம் ஆண்டுதோறும் 'ரங்லிஸ்டெ' என்ற பதவிப் பட்டியல் நூலை அச்சிட்டது. அதில் ஒவ்வோர் அதிகாரியின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் பெற்ற விருதுகள் சுருக்கக் குறிகளாக இருக்கும். போருக்கு முந்தைய கடைசிப் பட்டியல் 1914 மே 6 நிலவரப்படி வந்தது. ஓர் அதிகாரியின் பட்டையில் அபூர்வமான வெளிநாட்டு விருது ஒன்று இருந்தால், இந்த நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அதே சேர்க்கை உள்ள ஒரே ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம். பெயரில்லாத பட்டைக்குப் பெயர் கிடைக்கும். இந்த விளையாட்டில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

ஆனால் சிப்பாய்க்கும் சார்ஜென்டுக்கும் ரங்லிஸ்டெ இல்லை. நான் மேலே வாசித்த பட்டைக்காரரின் பதிவேடு போட்ஸ்டாமில் இருந்திருந்தால், அது இன்று இல்லை. அவர் வாழ்க்கையின் சுருக்கமாக மிஞ்சியிருப்பது அநேகமாக இந்தத் தகடும் ஐந்து ரிப்பனும்தான். பதக்கப் பட்டை ஒரு அலங்காரப் பொருள் அல்ல, எரிந்துபோன கோப்பின் கடைசிப் பக்கம். நான் இந்தப் பதிவை எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

பெயரைப் பற்றிப் பேசும்போது ஒரு விதிவிலக்கு ஞாபகம் வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன 'எம்டன்' கப்பலை நமக்குத் தெரியும். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அதே கப்பல். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவையும், 1918இல் பிரஷ்யாவின் உச்ச விருதான 'பூர் லெ மெரித்'தும் கிடைத்தன. ஆனால் கப்பலில் உயிர் தப்பியவர்களுக்குக் கிடைத்த விசித்திரமான மரியாதை வேறு: தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை. மற்றவர்களின் பதக்கத்தில் பெயர் இல்லை. இவர்களுக்குப் பெயரே பதக்கம்.

பிரிப்பவர்களும் சேர்ப்பவர்களும்

ஆவணம் என்றால் அதை அழிப்பவர்களும் போலி செய்பவர்களும் இருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் சந்தைக் கணக்கு.

ஒரு பட்டையில் நான்கு சாதாரணப் பதக்கங்களும் ஒரு அபூர்வ விருதும் இருந்தால், அபூர்வத்தைத் தனியாக விற்றால் முழுப் பட்டையைவிட அதிகம் கிடைக்கும் சூழல் வரும். உடனே கத்தரிக்கோல். ரிப்பனை வெட்டி, ஒவ்வொன்றாக விற்றுவிடுவார்கள். வாக்கியத்தை உடைத்துச் சொற்களை எடைக்குப் போடுவது மாதிரி.

மறுபக்கம், நல்ல கதை சொல்லும் பட்டைக்குத் தனிப் பதக்கங்களின் கூட்டுத் தொகையைவிட அதிக விலை. அதனால் பழைய தகடு, பழைய ரிப்பன், அசல் பதக்கங்களை எடுத்து இல்லாத ஒரு வீரரைத் தைத்து உருவாக்குகிறார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு பாகமும் அசல். சேர்க்கை மட்டும்தான் பொய்.

கண்டுபிடிக்க நான் பார்ப்பவை இவை.

முதலில் பின்பக்கம். பழகியவர்கள் பட்டையை முன்னால் பார்ப்பதற்கு முன் திருப்பித்தான் பார்ப்பார்கள். தகடு துருப்பிடித்திருந்தால், அந்தக் கறை துணியிலும் அதே இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஊசியைச் சுற்றித் துணி தேய்ந்திருக்க வேண்டும். பழைய தகடும் புதுத் துணியும், அல்லது பழைய துணியில் இரண்டு வரிசைத் தையல் ஓட்டைகளும் இருந்தால், யாரோ திறந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ரிப்பனின் நிறம். வெளியே தெரிகிற பகுதி வெளுத்து, மடிப்புக்குள் நிறம் அப்படியே இருப்பது இயல்பு. ஐந்து ரிப்பனும் பல வருடம் ஒரே மார்பில் வெயில் பட்டவை என்றால், வெளுப்பில் ஓர் ஒற்றுமை இருக்கும். நாலு வெளுத்து ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால், காரணம் தேட வேண்டும்.

மூன்றாவது, உரசல். தொங்கும் பதக்கங்கள் நடக்கும்போது ஒன்றோடொன்று இடிக்கும். சிலுவையின் முனை பக்கத்துப் பதக்கத்தில் ஒரே உயரத்தில் கோடு போட்டிருக்கும். நூறு வருடம் பக்கத்தில் இருந்த இரண்டு பதக்கங்களுக்குத் தழும்பும் ஜோடியாக இருக்கும்.

நான்காவது, புற ஊதா விளக்கு. துணியையும் நூலையும் வெள்ளையாகக் காட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் பரவலாயின. பழைய நூல் அந்த விளக்கில் மங்கலாக இருக்கும், புதிய நூல் நீலமாக ஒளிரும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. யாராவது பட்டையைச் சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தாலும் ஒளிரும். பழைய நூலால் தைத்த போலியோ ஒளிராது.

ஐந்தாவது, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: கதை நிற்கிறதா? சிப்பாய்க்குரிய மரியாதைச் சின்னமும், ஆரம்பத்திலிருந்தே அதிகாரியாக இருந்தவருக்குரிய விருதுகளும் ஒரே பட்டையில் இருந்தால், நடுவில் ஒரு பதவி உயர்வு இருந்திருக்க வேண்டும். அதற்கு வருடங்கள் போதுமா? சண்டையில் இருந்தவருக்கான வெண்கலப் பதக்கத்துக்குப் பக்கத்தில் அதே போருக்கான எஃகுப் பதக்கம் எதற்கு? போலி செய்பவர் கவர்ச்சியைப் பார்த்துச் சேர்ப்பார். உண்மையான வாழ்க்கை அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. சலிப்பூட்டும் ஒரு நீண்டகாலப் பணிப் பதக்கம் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

அதேநேரம், மறுபடி கட்டிய பட்டை எல்லாம் போலி ஆகாது. என் பட்டையே 1934க்குப் பிறகு மறுபடி கட்டியதுதான். ஆனால் கட்டச் சொன்னவர் உரியவர். அதுதான் வித்தியாசம்.

வாட்டர்பெர்க்

பொறுங்கள் என்று சொன்னேனே, அந்தக் கிளாஸ்புக்கு வருகிறேன்.

1904 ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் மலைப்பகுதியில் ஹெரேரோ மக்களை ஜெர்மன் படை தாக்கியது. தப்பியவர்கள் பெண்கள், குழந்தைகள், மாடுகளோடு ஓமாஹெக்கே வறண்ட நிலத்துக்குள் ஓடினார்கள். படை பின்தொடர்ந்து தண்ணீர்த் துறைகளை அடைத்தது. அக்டோபர் 2 அன்று படைத்தலைவர் லோத்தார் ஃபான் ட்ரோத்தா, ஜெர்மன் எல்லைக்குள் காணும் ஹெரேரோ ஆண்களைச் சுடவும் பெண்களையும் குழந்தைகளையும் திரும்ப விரட்டவும் உத்தரவிட்டார். தாகத்தாலும், பிறகு முகாம்களிலும் ஹெரேரோக்களில் மிகப் பெரும்பகுதியினர் அழிந்தார்கள். நாமா மக்களுக்கும் அதே கதி. 2021 மே மாதம் ஜெர்மன் அரசு இதை இன்றைய பார்வையில் இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டது.

பதக்கத்தில் "வெற்றி பெற்ற போராளிகளுக்கு" என்ற பொருளில் எழுதியிருக்கிறது. சந்தையில், கிளாஸ்ப் இருந்தால் விலை கூடும். போலி செய்பவர்கள் கிளாஸ்பைத் தனியாகச் சேர்ப்பதற்கும் அதுதான் காரணம். பல விற்பனைக் குறிப்புகளில் "அழகான காலனிப் பட்டை" என்ற அளவோடு வர்ணனை முடிந்துவிடும்.

எனக்கு அந்த 'அழகான' என்ற சொல் ஒட்டவில்லை. அதே நேரம், இதை வைத்திருக்கவே கூடாது, கடலில் எறி என்பதும் சரியாகப் படவில்லை. இந்தக் கிளாஸ்ப் ஒரு சாட்சியம். ஒரு சாதாரண மனிதர் அந்த நாளில் அந்த இடத்தில் இருந்தார், அதற்காக அரசு அவரைப் பாராட்டியது, அவர் அதை முப்பது வருடம் பெருமையாக மார்பில் குத்தினார், 1934க்குப் பிறகும் கழற்றவில்லை. ட்ரோத்தாவின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவருக்குக் கீழே நின்ற சார்ஜென்டுகளைப் பற்றிய காகிதங்களில் பல எரிந்துவிட்டன. பட்டையை உடைத்து இரும்புச் சிலுவையை ஒருவருக்கும் ஆப்பிரிக்கப் பதக்கத்தை இன்னொருவருக்கும் விற்றால், ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் இருந்தார் என்ற உண்மை அன்றோடு காணாமல் போகும். அதை யாராலும் மறுபடி நிரூபிக்க முடியாது.

கையில் கிடைத்தால்

வெளிநாட்டுப் பழைய சாமான் சந்தையிலோ, யாராவது வீட்டுப் பெட்டியிலோ இப்படி ஒன்று கிடைத்தால் நான் சொல்வது நான்கு விஷயங்கள்.

பாலிஷ் போடாதீர்கள். துருவும் அழுக்கும் தகவல்.

பிரிக்காதீர்கள். ஒரு ரிப்பன் தொங்கினாலும் அப்படியே விடுங்கள். 'சரி செய்த' தையலுக்கும் போலித் தையலுக்கும் பின்னாளில் வித்தியாசம் தெரியாது.

முன்பக்கம், பின்பக்கம், ஊசி, கடைச் சீட்டு, ஒவ்வொரு பதக்கத்தின் பின்புறம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

யாரிடமிருந்து வந்தது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள். கூடவே பழைய புகைப்படமோ சான்றிதழோ இருந்தால், விற்பவர் தனித்தனியாகக் கொடுத்தாலும் சேர்த்தே வாங்கப் பாருங்கள். பெரும்பாலும் பெயர் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.

ஜெர்மனியில் வாங்குபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. கைசர் காலப் பதக்கங்களில் ஸ்வஸ்திகா கிடையாது, சிக்கல் இல்லை. ஆனால் 1936க்குப் பிந்தைய பதக்கம் பட்டையில் சேர்ந்திருந்தால், ஸ்வஸ்திகாவைப் பொதுவெளியில் காட்டுவதற்குக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில் கட்டுப்பாடு உண்டு. விற்பவர்கள் படத்தில் அந்த இடத்தை மறைத்திருப்பது அதனால்தான்.

என் பட்டைக்காரருக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகலாம். ஆனால் ஐந்தும் ஒன்றாக இருக்கும்வரை, அவர் எங்கே நின்றார் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. வாட்டர்பெர்க்கில் நின்றார். அதைத் தெரிந்தே வைத்திருக்கிறேன், தெரிந்தே அடுத்தவருக்குக் கொடுப்பேன், ஐந்தையும் சேர்த்து.